குல்லாக் கணக்கு

2025 மார்ச் 9, ஞாயிறு

பினாங்கில் எங்கள் பின்னல் குழுவின் ஆண்டுக் கூட்டம். அடுத்த தலைவர் யார் என்று டீச்சரம்மா கேட்டதும், அறையில் எல்லோருக்கும் திடீரென்று கண்ணி எண்ண வேண்டியிருந்தது. பின்னுகிறவர்களுக்கு இது ஒரு வசதி. குனிந்து எண்ண ஆரம்பித்துவிட்டால் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். நான் இன்று கைவேலை எடுத்துப் போகவில்லை. மாட்டிக்கொண்டேன்.

நோன்பு மாதம். குழுவில் மலாய் அக்காமார் இருவர் இருப்பதால் தேத்தண்ணியும் கறிபாப்பும் வேண்டாமென்று முன்பே பேசியிருந்தோம். தேத்தண்ணி இல்லாவிட்டால் ஆண்டுக் கூட்டம் எவ்வளவு சீக்கிரம் முடிகிறது!

மார்ச் 16, ஞாயிறு

பொறுப்போடு எனக்கு வந்து சேர்ந்தவை: ஒரு மைலோ டின் நிறையச் சில்லறை, கணக்கு எழுதிய பள்ளிக்கூட நோட்டு, லேபிள் இல்லாத நூல் மூட்டைகள். மீதிப் பணம் பழைய பொருளாளரின் சொந்த வங்கிக் கணக்கில் இருக்கிறது. அவர் நல்லவர், ஒரு சென் குறையாது. ஆனாலும் அந்தப் பணத்தை என் கணக்குக்கு மாற்றச் சொன்னபோது முடியாது என்றேன். நாளைக்கு என் வீட்டில் யாராவது கேட்டால், எது என் காசு, எது குழுவின் காசு என்று நான் எப்படிப் பிரித்துக் காட்டுவேன்?

முன்பு நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்த அக்கா ஒரே வார்த்தையில் விஷயத்தை முடித்தார். 1966ஆம் ஆண்டு சங்கச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தாலே அது சங்கம்தான், பதிவு செய்துதான் ஆக வேண்டும். பதிந்தால் சங்கத்தின் பேரிலேயே வங்கிக் கணக்கு திறக்கலாம். ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும். “இவ்வளவு தொல்லையா?” என்று நாலைந்து பேர் முனகினார்கள். சட்டம் தெரிந்த கையிலேயே அந்த வேலையைக் கொடுத்துவிட்டேன். அக்கா மறுக்கவில்லை. இத்தனை வருடமாக அவரை யாரும் எதுவும் கேட்டதே இல்லையாம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

நாங்கள் குல்லா பின்னித் தரும் குறைமாதக் குழந்தைகள் வார்டில் வேலை செய்யும் நர்ஸ் தங்கச்சி வந்து பேசினாள். “பினாங்கு வெயிலில் குல்லாவா?” என்று கேட்கிற உறவினர்களுக்கு இனி அவள் சொன்னதையே சொல்லப்போகிறேன். வார்டு குளிரூட்டியது. பிஞ்சுகளுக்குத் தோலுக்கடியில் கொழுப்பு இல்லை, உடம்பைவிடத் தலை பெரிது, சூடு தலை வழியாகத்தான் நிறையப் போகும். பருத்தி நூல்தான் வேண்டும். குஞ்சம், பொத்தான், ரிப்பன் எதுவும் கூடாது. துவைத்து, அளவு வாரியாகப் பையில் போட்டுத் தர வேண்டும். நிறைமாதக் குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 35 செ.மீ. வார்டுப் பிள்ளைகளுக்கு 30க்கும் கீழே. வீட்டுக்குப் போன பிறகு தூங்கும் குழந்தைக்குக் குல்லா போடக் கூடாது, சூடு ஏறிவிடும் என்றும் சொன்னாள். பேரப்பிள்ளைக்கென்று ஒன்று கூடுதலாகப் பின்னிக்கொண்டிருந்த இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

முதல் கட்டு வந்தது. பாதி சரி. மீதியில் சில, பிள்ளையின் மூக்குவரை இறங்கும். காரணம் பிறகு தெரிந்தது. கான்வென்ட்டில் கற்ற ஆன்ட்டிகளுக்கு 8ஆம் நம்பர் ஊசி என்றால் 4 மி.மீ. அது பழைய பிரிட்டிஷ் கணக்கு, எண் ஏற ஏற ஊசி மெலியும். இளையவர்கள் அமெரிக்க மாதிரியைப் பார்த்து வாங்கிய 8ஆம் நம்பர் 5 மி.மீ. இனி மில்லிமீட்டர் மட்டும்தான். டீச்சரம்மா துளைத் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களின் ஊசியை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்க்கிறார். ஓய்வு பெற்ற பிறகு அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

மே 18, ஞாயிறு

இன்று முழுக்க அம்மாச்சி விவகாரம்தான்.

எங்கள் குழுவிலேயே மூத்தவர். யாரோ கொடுத்த மூட்டையிலிருந்து நூல் எடுத்து, வாரம் தவறாமல் குல்லா கொண்டு வருகிறார். கை வேகம் அப்படியே இருக்கிறது. ஆனால் நூல் சொரசொரக்கிறது. ஒரு துண்டை அறுத்துச் சமையலறைத் தொட்டியில் கொளுத்திப் பார்த்தோம். பருத்தியானால் காகிதம் எரிகிற வாடையோடு சாம்பலாகியிருக்கும். இது உருகி, கடினமான கறுப்பு மணியாகத் திரண்டது. அக்ரிலிக். வார்டு வாங்காது.

“அப்படியே வாங்கிக்கொண்டு ஓரமாக வைத்துவிடலாம்” என்றார் செயலாளர். எனக்கு அது பிடிக்கவில்லை. மனம் நோகாமல் இருக்கட்டும் என்று ஒருவரின் உழைப்பைக் குப்பையில் போடுவது மரியாதையே இல்லை. சம்பளம் வாங்காமல் வருகிறவருக்கு நாம் தருவது உண்மையான வேலை ஒன்றுதான். அதையும் பொய்யாக்கிவிட்டால் அவர் எதற்காக வர வேண்டும்?

நேரே போய்ச் சொன்னேன். “அம்மாச்சி, இந்த நூல் பிள்ளைகளுக்கு ஆகாது. முதியோர் இல்லத்துக்கு முழங்கால் போர்வை வேண்டும். மிஷினில் போட்டு எத்தனை தடவை துவைத்தாலும் தாங்கும், அக்ரிலிக்தான் அதற்குச் சரி. சதுரம் சதுரமாகப் பின்ன ஆள் இருக்கிறது, இணைக்கத்தான் ஆள் இல்லை.” அவர் மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இதை மார்ச்சிலேயே சொல்லக்கூடாதா?” என்றார். அப்புறம் இரண்டு சதுரங்களை எடுத்து, மற்றவர்கள் போட்டிருந்த இணைப்பைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். அது அவருக்குத் திருப்தியாக இல்லை.

ஜூன் 14, சனி

ஜூன் மாத இரண்டாம் சனிக்கிழமை, பொது இடத்தில் உட்கார்ந்து பின்னும் உலக நாள். 2005இல் தொடங்கியது. தண்ணீர்மலைக்குப் பக்கத்தில், தாவரவியல் பூங்காவில் கூடலாம் என்பது பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் தம்பியின் யோசனை. அவன் குரோஷே ஆள், ஒற்றைக் கொக்கி ஊசியால் பொம்மை பின்னுவான். ஊசிக்காரர்கள் குரோஷேயைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பது எங்கள் குழுவின் பழைய வியாதி. இன்று குரங்கு ஒன்று டீச்சரம்மாவின் நூலுண்டையைத் தூக்கிக்கொண்டு மரமேறியபோது, பின்னாலேயே ஓடி அறுந்த நூலையாவது மீட்டு வந்தவன் அவன்தான். டீச்சரம்மா முதல் தடவையாக அவனுடைய பொம்மையைக் கையில் வாங்கிப் பார்த்தார். “இதை எப்படி வட்டமாக ஆரம்பிக்கிறாய்?”

நடந்து போனவர்களில் சிலர் நின்று கேட்டார்கள். மூன்று பேர் பெயர் கொடுத்தார்கள்.

ஜூன் 22, ஞாயிறு

புதியவர்களுக்கு ஜூலையில் வகுப்பு. டீச்சரம்மாவும் தம்பியும் சேர்ந்து நடத்துகிறார்கள். முதல் நாள் ஊசியா, குரோஷேயா என்று புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) நேற்று இரவிலிருந்து வாக்குவாதம். இரண்டு பேரும் தனித்தனியாக எனக்கு அழைத்தார்கள். நீங்களே பேசி முடியுங்கள் என்று சொல்லிவிட்டேன். எனக்கு வார்டுக்குப் போக வேண்டிய பைகளை எண்ணும் வேலை இருக்கிறது.