சம்பளச் சீட்டில் வேறு பெயர்: ஒரு கிளைச் செயலாளரின் நாட்குறிப்பு

மார்ச் 4

எங்கள் பஸ் தொழிலாளர் சங்கத்தின் கிளைத் தேர்தல் வருகிறது, உறுப்பினர் பட்டியலைச் சரிபார்க்கும் வேலை என் தலையில். முன்பெல்லாம் இது பெரிய வேலையே இல்லை. பாதி வழித்தடங்கள் தனியாருக்குப் போன பிறகு யார் உறுப்பினர் என்பதே வழக்காகிவிட்டது. எங்கள் அமைப்பு விதி, 'நிர்வாகத்தின் ஊதியப் பட்டியலில் உள்ள பணியாளர்' என்கிறது. ஒரே முதலாளி இருந்த காலத்தில் எழுதியது, அன்றைக்கு அது போதும். இன்று அதே பணிமனை, அதே பஸ், அதே வழித்தடம், பல இடங்களில் ஓட்டுநரும் அதே ஆள்தான். சம்பளச் சீட்டில் மட்டும் வேறு பெயர்.

மார்ச் 7

சந்தா கணக்கைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. தனியாருக்கு மாற்றப்பட்டவர்களிடம் யாரும் வந்து 'நீ உறுப்பினர் இல்லை' என்று சொல்லவில்லை. சம்பளத்திலிருந்து சந்தா பிடித்துத் தந்துகொண்டிருந்தது பழைய நிர்வாகம், புது நிறுவனம் அதைச் செய்வதில்லை, அவ்வளவுதான். பிடித்தம் நின்றது, பாக்கி ஏறியது, பாக்கி வைத்தவருக்கு ஓட்டு இல்லை என்று விதி சொல்கிறது. கையில் சந்தா வாங்க நாமும் போகவில்லை. இப்படிச் சத்தமில்லாமல் ஆளைக் கழற்றிவிடலாம் என்றால் விலக்கல் தீர்மானம் எதற்கு?

மார்ச் 12

செயற்குழு. எதிர்பார்த்த சண்டைதான். மூத்த தோழர் ஒருவர் நேராகவே கேட்டார், "நம்ம ஓய்வூதியப் பிரச்சினைக்கு, ஓய்வூதியமே இல்லாத புதுப் பையன்கள் ஓட்டுப் போடுவார்களா?" இதைச் சுயநலம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை, அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு தொங்கிய மற்ற இருவரின் கவலை ஓய்வூதியம் பற்றியது அல்ல, மாற்றலாகிப் போனவர்கள் ஓட்டுப் போட்டால் இந்த இருவரின் அணி தோற்கும். "ஓய்வூதியத் தீர்மானத்துக்கு அந்தத் திட்டத்தில் இருப்பவர்கள் மட்டும் ஓட்டுப் போடட்டும், மற்றதற்கெல்லாம் எல்லோரும்" என்றேன். முடிவு இல்லாமலே கலைந்தோம்.

மார்ச் 13

தூக்கம் வரவில்லை, சட்டப் புத்தகம். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த இந்தியாவின் 1926 தொழிற்சங்கச் சட்டம் பிரிவு 2(ஜி), தொழிலாளர் என்றால் அந்தத் தொழிலில் வேலை செய்யும் எல்லோரும், தகராறு எந்த முதலாளியோடு நடக்கிறதோ அவரிடம் வேலை பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி என்றது. தொழிலை வைத்துத்தான் கோடு, முதலாளியை வைத்து அல்ல. அந்தப் பழைய சட்டமே இவ்வளவு இடம் கொடுத்திருக்க, நம் விதி ஏன் ஒரு நிர்வாகத்தின் பெயரைக் கட்டிக்கொண்டு கிடக்கிறது?

பிரிட்டனில் ரயில் ஓட்டுநர் சங்கமான ஆஸ்லெஃப் 1880-இல் தொடங்கியது. 1993 சட்டத்துக்குப் பிறகு அங்கே ரயில்வே துண்டு துண்டாகத் தனியாரிடம் போனபோதும் ரயில் ஓட்டுபவர் என்ற தகுதி மாறவில்லை, எந்தக் கம்பெனிச் சீருடை போட்டாலும் அதே சங்கம். ஜப்பானில் கதை வேறு. 1987-இல் தேசிய ரயில்வேயை உடைத்து ஜேஆர் நிறுவனங்கள் ஆக்கினார்கள். கொகுரோ என்ற ரயில்வே தொழிலாளர் சங்கத்தார் பலருக்குப் புது நிறுவனங்களில் வேலை மறுக்கப்பட்டது, 1990-இல் 1,047 பேர் வேலையிழந்தார்கள், வழக்கு இழுத்து 2010-இல்தான் சமரசம். உறுப்பினர் அட்டைக்கு அந்த விலை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். நாம் இங்கே அட்டையைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று விவாதிக்கிறோம்.

மார்ச் 20

புது நிறுவனத்தின் மனிதவள அதிகாரியைப் பார்த்தேன். மரியாதையாகப் பேசினார், டீ கொடுத்தார். "எங்கள் பணியாளர் யாரும் உங்கள் சங்கத்தில் இல்லையே சார், யாருக்காகப் பேச வந்தீர்கள்?" சரி, இங்கே உறுப்பினர் இல்லாததால் பேச முடியாது, எங்கள் விதிப்படி இவர்கள் உறுப்பினர் ஆகவே முடியாது. இதைவிட வசதியான ஏற்பாடு அவர்களுக்கு வேறென்ன வேண்டும்! இதற்கிடையே இன்னொரு சங்கத்தார் பணிமனை வாசலில் விண்ணப்பம் விநியோகிக்கிறார்கள். கோபப்பட எனக்கு உரிமை இல்லை, காலி இடத்தில்தானே வந்து நிற்கிறார்கள்.

மார்ச் 29

பொதுக்குழு. 'இந்தப் பணிமனையிலிருந்து இயங்கும் பேருந்துச் சேவையில், யாரிடம் ஊதியம் பெற்றாலும், பணிபுரிபவர்' என்று விதித் திருத்தம் நிறைவேறியது. ஓய்வூதியத்துக்குத் தனி வாக்கெடுப்பு என்ற நிபந்தனையோடுதான், மூத்த தோழரும் கை தூக்கினார். சந்தா பாக்கி தள்ளுபடி மட்டும் கடும் வாக்குவாதம், கடைசியில் பிடித்தம் நின்ற தேதியிலிருந்து உள்ளதைத் தள்ள ஒத்துக்கொண்டார்கள்.

கூட்டம் முடிந்ததும் பஸ் கழுவும் அக்கா ஒருவர் வந்து, "நாங்களும் சேரலாமா தம்பி?" என்றார். அவர்கள் ஒப்பந்ததாரருக்குக் கீழே இன்னொரு ஒப்பந்ததாரரிடம் இருப்பவர்கள், தனியார்மயத்துக்கு முன்பும் அப்படித்தான், அப்போது எங்களில் ஒருவரும் தகுதி பற்றிப் பேசியதே இல்லை. புது விதிப்படி சேரலாம் என்றேன். திருத்தத்தைப் பதிவாளர் ஏற்ற பிறகுதான் அட்டை தர முடியும், திங்கட்கிழமை மனு கொடுக்கிறேன்.