வளைகுடாவில் படம் பார்க்கப்போகும் குமரிக்காரருக்கு

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி வளைகுடாவில் வந்திறங்கும் நம்ம மாவட்டத்துக்காரருக்கு முதல் மாதம் சினிமா நினைப்பே வராது. ரெசிடென்ஸ் கார்டு, சிம், பேங்க் கணக்கு, பெட் ஸ்பேஸ் (பகிர்ந்த அறையில் ஒரு கட்டில்) வாடகை என்று அலைச்சலிலேயே போய்விடும். இரண்டாவது சம்பளம் கைக்கு வந்ததும்தான் “இங்க பக்கத்துல தமிழ்ப்படம் எங்க ஓடுது” என்ற கேள்வி எழும். பதில் சுலபம்: எல்லா இடத்திலும் ஓடுகிறது. ஆனால் எந்தப் படம், எந்த மொழியில், எவ்வளவு நீளத்தில் ஓடுகிறது என்பதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நடிகரை மட்டும் பார்த்து டிக்கெட் எடுக்கிற பழக்கத்தை நாகர்கோவிலிலேயே விட்டுவிட்டு வருவது நல்லது.

முதலில் நாள் கணக்கு. ஊரில் வெள்ளிக்கிழமை வெளியாகும் படம் இங்கே பெரும்பாலும் வியாழன் மாலையே வந்துவிடும். குவைத், கத்தார், பஹ்ரைன், ஓமன், சவுதியில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அதனால் வியாழன் ராத்திரிதான் அங்கே கூட்டம். அமீரகத்தில் 2022 ஜனவரியிலிருந்து அரசு விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது, வெள்ளி அரை நாள். ஊரோடு சேர்ந்தே வெளியாகும் பெரிய படமென்றால் நேர வித்தியாசத்தையும் நினைவில் வைக்க வேண்டும். அமீரகமும் ஓமனும் இந்தியாவுக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், மற்ற நான்கு நாடுகள் இரண்டரை மணி நேரம் பின்னால். தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை 9 மணிக்கு என்றால் குவைத்தில் மணி ஆறரை. ஆனால் நம்ம பையன்கள் களியக்காவிளையைத் தாண்டிப்போய் கேரளத்தில் விடியுமுன்னே படத்தைப் பார்த்துவிடுவார்கள். 2023-ல் விஜய்யின் லியோ படத்துக்கு அதுதான் நடந்தது. நீங்கள் கம்பெனி வண்டியில் ஏறும்போதே கிளைமாக்ஸ் வாட்ஸ்ஆப்பில் வந்து நிற்கும். அன்றைக்கு ஊர்க் குரூப்புகளை மியூட் பண்ணிவிடுங்கள்.

அடுத்தது வெட்டு. ஒவ்வொரு வளைகுடா நாட்டுக்கும் தனித்தனி தணிக்கை. 2022-ல் விஜய்யின் பீஸ்ட் குவைத்தில் திரைக்கு வரவில்லை. 2023-ல் மம்மூட்டியின் காதல் தி கோர் குவைத்திலும் கத்தாரிலும் அனுமதி பெறவில்லை. ஓடுகிற படத்திலும் சில காட்சிகள் போயிருக்கும், ஆனால் போஸ்டரில் அதைப் போடமாட்டார்கள். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இந்தியத் தணிக்கைச் சான்றிதழில் உள்ள நேரத்தையும் இங்குள்ள புக்கிங் ஆப் காட்டும் நேரத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் குறைந்தால் புகை, மது எச்சரிக்கை அட்டைகளை எடுத்திருப்பார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் குறைந்தால் கதையில் கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அதை ஓடிடிக்கு விட்டுவிடலாம்.

வயதுச் சான்றும் வேறு. 2025 ஆகஸ்டில் ரஜினியின் ‘கூலி’ படத்துக்கு இந்தியாவில் பெரியவர்களுக்கு மட்டுமான ‘ஏ’ சான்று கொடுத்தார்கள். பிள்ளைகளும் பெற்றோரோடு பார்க்கக்கூடிய யு/ஏ கேட்டு தயாரிப்பாளர் சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும் கிடைக்கவில்லை. அந்த ‘ஏ’ இங்கே செல்லாது, இங்குள்ளவர்கள் தங்கள் அளவுகோலில் தனியாக ரேட்டிங் போடுவார்கள். அமீரகத்தில் பிஜி13, பிஜி15 என்றால் பெற்றோர் கூட வந்தால் பிள்ளையை விடுவார்கள். 15+, 18+ என்றால் அப்பா அம்மா இருந்தாலும் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். ஆளுக்கு ஆள் எமிரேட்ஸ் ஐடி கையில் இருக்கட்டும். கூலியைப் பற்றி என் கருத்து: அந்தக் கூட்டத்தோடு சத்தத்தில் பார்த்தால் முதல் பாதி தாங்கும். இரண்டாம் பாதியில் வில்லன்கள் வரிசையாக வந்து கதையை மூழ்கடிக்கிறார்கள். சௌபின் மட்டும் கடைசிவரை தலை தூக்கி நிற்கிறார்.

இனி நமக்கு மட்டும் கிடைக்கிற வசதிக்கு வருவோம். 1956 நவம்பர் 1 வரை நம்ம தாலுகாக்கள் திருவிதாங்கூரோடு இருந்தவை, மலையாளம் நம் காதுக்குப் புதிதில்லை. இங்கே ஒரே வளாகத்தில் தமிழும் மலையாளமும் பக்கத்துப் பக்கத்து ஹாலில் ஓடும். மதுரைக்காரருக்கு ஒரு மாதத்தில் மூன்று படம் தேறினால் நமக்கு ஆறு தேறும். ஆகவே மலையாளப் படத்தின் தமிழ் டப்புக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். ஆப்பில் படத்தின் பெயருக்குக் கீழே மொழி சின்ன எழுத்தில் இருக்கும். நேரத்தை மட்டும் பார்த்து அவசரத்தில் தட்டினால் டப்பில் போய் உட்கார வேண்டிவரும். புரியாத வசனம் இருந்தாலும் அடியில் ஆங்கிலமும் அரபியும் இரண்டு வரியாக ஓடும். அந்த இரண்டு வரியும் படத்தின் அடிப்பகுதியை நன்றாகவே மறைக்கும். முன் வரிசையில் உட்கார்ந்தால் எழுத்துதான் தெரியும், முகம் தெரியாது. பின்னாலிருந்து மூன்றாவது, நான்காவது வரிசையின் நடுவில் எடுங்கள்.

மலையாளத்தில் பார்த்தே ஆகவேண்டிய படம் லோகா முதல் அத்தியாயம். 2025 ஆகஸ்ட் 28-ல் வந்தது. டொமினிக் அருண் இயக்கம், கல்யாணி பிரியதர்ஷன் சந்திராவாக வருகிறார். பெங்களூரில் நடக்கிற சூப்பர் ஹீரோ படம் என்று விளம்பரம் செய்தார்கள். ஆனால் சந்திரா யாரென்று தெரியவரும்போது குமரிக்காரர் நிமிர்ந்து உட்காருவார். கள்ளியங்காட்டு நீலி! கள்ளியங்காடு நாகர்கோவிலைத் தாண்டி திருவனந்தபுரம் போகிற பக்கம்தானே இருக்கிறது. கொடைவிழாவில் வில்லடிச்சுப் பாடி நாம் கேட்ட நீலி, இடுப்பில் கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கி வைத்துக்கொண்டு “இவன்தான் என் புருஷன்” என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வழக்காடுகிறவள். முப்பந்தல் இசக்கியம்மனைக் கும்பிட்டு வளர்ந்தவருக்கு அந்தக் கதையில் பயமும் உண்டு, பாசமும் உண்டு.

படம் அந்தக் கதையைத் திருப்பிப் போட்டிருக்கிறது. புருஷனைப் பழிவாங்குகிறவள் இல்லை இந்த நீலி, அரசனின் ஆட்கள் தன் குடியை அழித்ததைப் பார்த்த சிறுபெண். எனக்கு இந்த மாற்றம் பிடித்தது. பழங்கதையில் பெண்ணின் கோபம் புருஷன் என்கிற ஒரு வியாபாரியோடு முடிந்துவிடும், இங்கே அது அதிகாரத்தின் மேல் திரும்புகிறது. ஆனால் கள்ளிப்பிள்ளையை விட்டது நட்டம். எத்தனை கிராஃபிக்ஸ் போட்டாலும் வில்லுப்பாட்டில் அந்தக் கொம்பு குழந்தையாக அழுகிற இடம் தருகிற சில்லிப்பு வராது. படத்தின் பாதிக்கு மேல் இரவுக் காட்சிகள். ப்ரொஜெக்டர் மங்கிய பழைய ஹாலில் பார்த்தால் கரும்புகைதான் மிஞ்சும். பத்து திர்ஹம் கூடப் போனாலும் இப்படிப்பட்ட படங்களை லேசர் ப்ரொஜெக்டரும் அட்மாஸ் ஒலியமைப்பும் உள்ள ஹாலில் பாருங்கள்.

வேட்டையன் நம்ம மாவட்டத்திலேயே தொடங்குகிற படம். 2024 அக்டோபரில் வந்தது, ரஜினி கன்னியாகுமரி எஸ்.பி.யாக வருகிறார். கடற்கரையைக் காட்டினார்கள், அரசுப் பள்ளியைக் காட்டினார்கள், நம்ம பேச்சு மட்டும் காதில் விழவில்லை. “மனசிலாயோ” பாட்டு ஒன்றுதான் கொஞ்சம் சொந்தமாகக் கேட்டது. என்கவுன்ட்டரைக் கேள்வி கேட்கிற முதல் பாதிக்காக ஓடிடியில் பார்க்கலாம். தியேட்டர் செலவு தேவையில்லை.

ஆடுஜீவிதத்தை வளைகுடா வருகிற எவரும் தவிர்க்க முடியாது. 2024 மார்ச் 28-ல் வெளியானபோது இந்தப் பக்கம் அமீரகத்தில் மட்டும்தான் முதலில் ஓடியது. பாலைவனத் தொட்டித் தண்ணீரிலிருந்து ஊர் ஆற்றுக்கு ப்ளெஸ்ஸி தாவுகிற இடம் ஒன்று போதும், குழித்துறை ஆற்றில் குளித்து வளர்ந்தவருக்குத் தொண்டை அடைக்கும். இரண்டாம் பாதியின் நடைதான் நீளம், ரஹ்மானின் இசையும் அதை இழுக்கிறது. ஆனால் எனக்கு முக்கியம் தொடக்கத்தில் வரும் விமான நிலையக் காட்சி. வேலைக்கு வந்த இருவர், கூட்டிப்போக வந்தவர் யாரென்றே தெரியாமல் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறுகிறார்கள். அதைப் படம் என்று விட்டுவிட வேண்டாம். விசாவில் ஸ்பான்சர் இடத்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ அந்தப் பெயர் உங்களை அழைக்க வருகிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். விசா நகல், ஒப்பந்த நகல், கம்பெனி ஆளின் போன் நம்பர் மூன்றும் வீட்டிலும் ஒரு செட் இருக்கட்டும். பத்தாம் வகுப்பு முடிக்காதவர் என்றால் பாஸ்போர்ட் இசிஆர், அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போகுமுன் அரசின் அனுமதி வேண்டிய வகை. இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளம் வழியாகத்தான் வரவேண்டும். அப்படி வருகிறவருக்கு எடுக்கும் பிரவாசி பாரதிய பீமா யோஜனாவில் 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு உண்டு. “விசிட் விசால வா, வந்தபிறகு வேலை விசாவா மாத்தலாம்” என்று சொல்கிற ஏஜென்டிடம் வழுக்கி விழுகிறவர்களுக்கு இது எதுவும் கிடைக்காது.

டூரிஸ்ட் ஃபேமிலி படத்துக்கு இந்த ஊரில் குடும்பம் குடும்பமாகக் கண் கலங்கினார்கள். சசிகுமாரும் சிம்ரனும் அருமை, முதல் படம் எடுத்த அபிஷன் ஜீவிந்துக்கு நகைச்சுவை கைவந்திருக்கிறது. பேச்சை மறைத்து வாழ்கிற அந்த இலங்கைக் குடும்பத்தின் சங்கடம், “நீங்க மலையாளியா, சிலோனா” என்று தினம் கேட்கப்படுகிற நமக்கு நன்றாகவே விளங்கும். ஆனாலும் எனக்கு ஒரு மனத்தாங்கல். காகிதம் இல்லாத குடும்பத்தை அன்பே காப்பாற்றிவிடும் என்கிறது படம். இங்கே அடையாள அட்டை இல்லாமல் சிம் கிடையாது, வீட்டு ஒப்பந்தம் கிடையாது, சம்பளக் கணக்கு கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரால் முத்திரை குத்தித்தர முடியாது. பயப்பட வேண்டிய இடத்தையும் படம் புன்னகையோடு கடந்துபோகிறது.

மெய்யழகன் நேர்மாறு. ஊரை விட்டவன் திரும்பிப்போய், தன்னை இவ்வளவு அன்பாகக் கவனிக்கிறவனின் பெயர்கூட நினைவில்லாமல் தவிக்கிறான். 2024 செப்டம்பரில் வெளியான பிறகு நீளம் என்று சொல்லி சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். வெட்டியது தவறு. அந்தப் படமே ராத்திரி முழுக்க வெட்டியாகப் பேசுவதுதான், பேச்சைக் குறைத்தால் என்ன மிச்சம்? இதற்குப் பெரிய திரை வேண்டாம், ரூமில் டிவி போதும். வந்த முதல் மூன்று மாதம் மட்டும் பார்க்காதீர்கள், அடுத்த நாள் வேலை ஓடாது.

போக்குவரத்தைக் கணக்குப் போடாமல் டிக்கெட் எடுத்தால் படத்தின் கடைசி அரை மணி நேரம் கடிகாரத்தைத்தான் பார்ப்பீர்கள். துபாய் மெட்ரோ திங்கள் முதல் வியாழன் வரையும் சனி, ஞாயிறும் நள்ளிரவு 12 வரைதான், வெள்ளி மட்டும் 1 மணி வரை. இரவு ஒன்பதரை காட்சிக்கு விளம்பரம் கால் மணி நேரம், படம் 2 மணி 50 நிமிடம் என்றால் வெளியே வரும்போது 12.35. டாக்ஸிக்குக் கொடுக்கிற காசில் இன்னொரு படம் பார்க்கலாம். வார நாளில் எட்டு மணிக்கு மேற்பட்ட காட்சி வேண்டாம். கம்பெனியின் லேபர் கேம்பில் இருப்பவர்கள் கேட் மூடும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரம்ஜானில் பகல் காட்சி குறையும், பெரிய படங்கள் பெருநாளை ஒட்டி வரும். சவுதியில் தியேட்டர் திறந்ததே 2018 ஏப்ரலில்தான். அதுவரை தம்மாம், அல்கோபர் ஆட்கள் 25 கிலோமீட்டர் கடற்பாலம் தாண்டி பஹ்ரைனில் போய்ப் படம் பார்த்தார்கள்.

டைட்டில் கார்டை மொபைலில் எடுத்து ஸ்டேட்டஸ் போடுகிற ஊர்ப் பழக்கம் இங்கே உதவாது. திரையைப் படம் பிடிப்பது காப்புரிமைக் குற்றம், இருட்டில் உங்கள் போன் வெளிச்சம் ஊழியருக்கு நன்றாகத் தெரியும். இருக்கிற இடத்தை மறைக்கிற விபிஎன் போட்டுத் திருட்டுத் தளத்தில் பார்ப்பது அதைவிடப் பெரிய வம்பு. அமீரகத்தின் 2021-ம் ஆண்டு இணையக் குற்றச் சட்டப்படி, ஐபி முகவரியை மறைத்துக் குற்றம் செய்தால் அபராதமே 5 லட்சம் திர்ஹத்தில் தொடங்குகிறது. நியாயமாகவே பார்க்க வழி இருக்கிறது. தமிழ்ப்படங்கள் பெரும்பாலும் நான்கு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடும். இந்தியாவில் ஒரு தளத்தில் இருக்கும் படம் வெளிநாட்டில் வேறு தளத்தில் இருக்கலாம். ஊரில் கட்டிய சந்தாவை நம்பாமல், இந்தியாவுக்கு வெளியே மட்டும் ஓடுகிற சிம்ப்ளி சவுத் போன்றவற்றிலும் தேடிப்பாருங்கள்.

தூத்தூர், குளச்சல், இனயம் பக்கத்திலிருந்து பஹ்ரைன், சவுதி கிழக்குக் கரைக்கு மீன்பிடிக்க வந்தவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் முழுசாகப் பொருந்தாது. படகில் நெட் இல்லை, டவுன்லோடுதான் கதி. கரையில் வைஃபை கிடைக்கும்போது ஓடிடி ஆப்புக்குள்ளேயே இறக்குங்கள். போன் திரைக்கு ஸ்டாண்டர்ட் தரம் தாராளம். அடைபடுகிற இடமும் குறையும், இறங்குகிற நேரமும் குறையும். பலர் இடறுவது இங்கேதான்: பல படங்கள் பார்க்கத் தொடங்கியதிலிருந்து 48 மணி நேரத்தில் காலாவதியாகும், புதுப்பிக்க நெட் வேண்டும். சரியாக இறங்கியிருக்கிறதா என்று துறைமுகத்தில் ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்தாலே அந்தக் கணக்கு தொடங்கிவிடும், நடுக்கடலில் மூன்றாம் நாள் திறந்தால் படம் இருக்காது. ஓட்டிப் பார்க்க வேண்டாம். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு ஆப்பைத் திறந்து, டவுன்லோட் பட்டியலில் படத்தின் பெயரும் அளவும் தெரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் படகேறுங்கள்.