சனிக்கிழமைக்கு எதிரணி தேடுகிறேன்

12 பிப்ரவரி 2024, திங்கள்

என் மேசைக்கு எதிரே இருக்கும் வெள்ளைப் பலகையில் பதினோரு சனிக்கிழமைகளை எழுதி வைத்திருக்கிறேன். செப்டம்பர் 7-இல் தொடங்கி நவம்பர் 16-இல் முடிகின்றன. இந்தப் பதினோரு வாரத்தில் எங்கள் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி பத்து ஆட்டம் ஆட வேண்டும். எங்கள் கூட்டமைப்பில் எட்டுக் கல்லூரிகள், ஆகவே ஏழு ஆட்டங்கள் தாமாகவே அமைந்துவிடும். மிச்சமுள்ள மூன்றுக்கு நானே எதிரணியைத் தேடிப் பிடிக்க வேண்டும். இரண்டு கிடைத்துவிட்டன. செப்டம்பர் 14 மட்டும் வெறுமையாக இருக்கிறது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: ஒஹாயோ மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், ஆயிரத்துச் சொச்சம் மாணவர்கள் படிக்கும் ஒரு கல்லூரியின் விளையாட்டுத் துறை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பஸ், ஹோட்டல், நடுவர்கள், ஆம்புலன்ஸ் எல்லாம் என் பொறுப்பு. அமெரிக்கக் கால்பந்துக்கான அட்டவணையும் அதில் சேர்த்தி. பெயர்தான் கால்பந்து, பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவதும் எறிந்து பிடிப்பதும்தான் ஆட்டம். நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். அந்தப் பத்து கெஜத்தை அளக்க, இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு சங்கிலி உண்டு. எங்கள் மைதானத்தில் அதன் ஒரு முனையைப் பிடித்து நிற்பவன் நான். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் இந்த ஊருக்கு வந்த புதிதில், ஆள் குறைகிறது என்று ஒரு பெரியவர் கம்பத்தை என் கையில் கொடுத்தார். ஆட்டத்தை நான் கற்றுக்கொண்டது அங்கே நின்றுதான். மறுமுனையை இன்றும் அவரே பிடிக்கிறார்.

21 பிப்ரவரி, புதன்

இதுவரை 31 கல்லூரிகளுக்கு எழுதிவிட்டேன். ஒன்பது பதில்கள் வந்தன. ஒன்பதும் ‘இயலாது’தான்.

யாரையும் குறை சொல்லமாட்டேன். எல்லோருக்கும் வேண்டியது ஒன்றே: மூன்று மணி நேரப் பயணத்துக்குள் உள்ள அணி, இந்த ஆண்டு தங்கள் ஊருக்கு வரச் சம்மதிக்கும் அணி, ஜெயித்துவிடலாம் என்று நம்பக்கூடிய அணி. இந்த மூன்றும் பொருந்திய கல்லூரிக்கு ஜனவரியிலேயே அட்டவணை நிரம்பிவிடுகிறது.

பலமாக இருப்பதும் ஒரு கஷ்டம்தான். விஸ்கான்சின் மாநிலப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பில் கால்பந்து ஆடும் அணிகள் எட்டு. மூன்றாம் பிரிவில் (கல்லூரி விளையாட்டின் மூன்று அடுக்குகளில் கடைசி; நாங்களும் அதில்தான்) அதைவிடக் கடினமான கூட்டமைப்பு இல்லை என்பது என் எண்ணம். அதிலுள்ள வைட்வாட்டர் மட்டும் ஆறு முறை தேசியப் பட்டம் வென்றிருக்கிறது. உள்ளுக்குள் ஏழு ஆட்டம் முடிந்தபின் மீதி மூன்றுக்கு அவர்களும் ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். உதை வாங்கிக்கொண்டு திரும்ப யார் பஸ் ஏறுவார்கள்? மின்னசோட்டாவில் செயின்ட் தாமஸ் 2017-இல் செயின்ட் ஓலாஃப் அணியை 97-0 என்று தோற்கடித்தது. இரண்டே ஆண்டுகளில், தாங்களும் சேர்ந்து நிறுவிய கூட்டமைப்பிலிருந்து அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 2021-இல் நேரே முதல் பிரிவுக்குப் போய்விட்டார்கள்.

1 மார்ச், வெள்ளி

கிளீவ்லாந்துக்குப் பக்கத்தில் சவுத் யூக்ளிடில் உள்ள நோட்ரடாம் கல்லூரி இந்தப் பருவத்தோடு மூடப்படுகிறது என்று நேற்று அறிவித்துவிட்டார்கள். (இந்தியானாவில் உள்ள பெரிய நோட்ரடாம் வேறு.) அவர்கள் இரண்டாம் பிரிவு, எங்களோடு ஆடுகிறவர்கள் அல்ல. ஆனால் அவர்களோடு ஆடவிருந்தவர்களின் பலகையில் இன்று ஒரு சனிக்கிழமை அழிந்திருக்கும். அந்த அலுவலகங்களில் என்னைப் போல் ஒருவர் உட்கார்ந்திருப்பார். 2020-இல் எங்கள் மாநிலத்திலேயே அர்பானா மூடப்பட்டபோதும் இப்படித்தான் நடந்தது.

27 மார்ச், புதன்

நேற்று பர்மிங்காம்-சதர்ன். அலபாமாவில் 1856-இல் தொடங்கிய கல்லூரி மே 31-ஆம் தேதியோடு மூடப்படுகிறது. 1939-க்குப் பின் கைவிட்டிருந்த கால்பந்தை 2007-இல்தான் மீண்டும் தொடங்கியிருந்தார்கள். பதினேழே ஆண்டுகள்.

மார்ச்சில் தெரிந்ததே ஒரு வகையில் ஆறுதல். போன ஆண்டு மேற்கு வர்ஜீனியாவில் ஆல்டர்சன் பிராடஸ் பல்கலைக்கழகத்துக்குப் பட்டம் வழங்கும் உரிமை பறிபோனபோது ஆட்டங்கள் தொடங்க ஒரு மாதமே இருந்தது. பயிற்சிக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் வேறு கல்லூரி தேடினார்கள். எதிரணிகள் வேறு ஆட்டம் தேடின.

செப்டம்பர் 14-க்கு ஒருவழியாக ஓர் அணி கிடைத்தது. பக்கத்து மாநிலம், நான்கு மணி நேரம். இந்த ஆண்டு அவர்கள் இங்கே வருவார்கள். அடுத்த ஆண்டு நாங்கள் அங்கே போக வேண்டும். ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டாயிற்று. பலகையில் பச்சை மையால் எழுதினேன்.

2 ஜூன், ஞாயிறு

அதிகாலையில் கிளம்பி மூன்றரை மணி நேரம் கார் ஓட்டி ஈஸ்ட்லேக் போனேன். மூன்றாம் பிரிவு பேஸ்பால் தேசியப் போட்டி அங்கே நடக்கிறது. பர்மிங்காம்-சதர்ன் அணி வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை அவர்கள் கல்லூரி மூடப்பட்டுவிட்டது. அன்றே ஓர் ஆட்டத்தில் தோற்று, நேற்று கடைசிப் பந்தில் ஜெயித்து, இன்று வைட்வாட்டருக்கு எதிரே நின்றார்கள். இல்லாத ஒரு கல்லூரியின் பெயர் சட்டையில் இருந்தது. எங்கிருந்தோ வந்த ஜனங்களெல்லாம் அவர்களுக்காகவே கத்தினார்கள்; நானும் கத்தினேன். 11-10, கடைசி அடியில் தோற்றார்கள்.

ஆட்டம் முடிந்தும் அந்தப் பிள்ளைகள் மைதானத்தை விட்டு வெளியே வரவில்லை. ஒருவன் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையுறைக்குள் போட்டுக்கொண்டான். நான் வேலியோரம் நின்று பார்த்துவிட்டுக் கிளம்பினேன். வரும் வழியெல்லாம் ரேடியோ போடவில்லை.

19 ஜூலை, வெள்ளி

கல்லூரியைச் சுற்றிப் பார்க்க ஒரு பையனும் அவன் தாயும் வந்தார்கள். பயிற்சியாளர் ஊரில் இல்லாததால் நான் அழைத்துப் போனேன். உடை மாற்றும் அறையில் தொங்கிய ஹெல்மெட் ஒன்றை அந்த அம்மாள் கையில் எடுத்தார். உள்ளே இருந்த மெத்தையைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். “போன வருஷம் எத்தனை பேருக்குத் தலையில் அடி?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. எண்ணிக்கையை மறைக்காமல் சொன்னேன். ஹெல்மெட்டை இருந்த இடத்திலேயே மாட்டினார்.

2008-09 வாக்கில் இந்த நாட்டுப் பள்ளிகளில், அணிக்குப் பதினோரு பேர் இறங்கும் இந்தக் கால்பந்தை ஆடியவர்கள் 11 லட்சம். பத்தே ஆண்டுகளில் அது ஏறக்குறைய 10 லட்சமாகிவிட்டது. மிச்சிகனில் சிறு பள்ளிகள் பலவும் எட்டுப் பேர் ஆட்டத்துக்கு மாறிவிட்டன. ஆள் இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. 2008-க்குப் பின் பிறப்புகளும் குறைந்ததால், இனிக் கல்லூரி வாசலுக்கு வரும் பிள்ளைகளே குறைவு.

இதில் வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. ஆடுகிற ஒவ்வொருவனும் கல்விக் கட்டணம் கட்டிப் படிக்கிறான். நூறு பேர் கால்பந்துக்கு வந்தால் எங்களைப் போன்ற கல்லூரிக்கு அது மாணவர்களில் பத்தில் ஒரு பங்கு. பெரிய பல்கலைக்கழகங்கள் ரசிகர்களுக்காகக் கால்பந்தை நடத்துகின்றன. நாங்கள் வகுப்பறை நிறைவதற்காக நடத்துகிறோம். இந்த ஆண்டு பெயர் கொடுத்தவர்கள் 84 பேர். நான் வந்த ஆண்டில் 112.

13 ஆகஸ்ட், செவ்வாய்

காலை 10.40-க்கு தொலைபேசி. செப்டம்பர் 14-க்கு வருவதாக இருந்த கல்லூரி. அந்தத் துறைத் தலைவர் ஒரு நல்ல மனிதர். குரல் கம்மியிருந்தது. பயிற்சிக்கு வந்து சேர்ந்தவர்கள் 37 பேர். அதில் தாக்குதல் வரிசையில், அதாவது பந்து வைத்திருப்பவனுக்கு முன்னால் நின்று எதிரணியைத் தடுக்கும் வரிசையில், நிற்கத் தகுந்த உடல்வாகு உள்ளவர்கள் ஆறு பேர். இந்த ஆண்டு அணியையே இறக்கவில்லை என்றார்.

கோபப்பட வேண்டும் என்று நினைத்தேன். முடியவில்லை. 2019-இல் அயோவாவின் கிரினெல், மூன்று ஆட்டம் முடிந்ததும் பருவத்தை நிறுத்தியது. காயம் இல்லாமல் நின்றவர்கள் 28 பேர்தான். களைத்த பையனுக்கு மாற்று ஆள் இல்லாவிட்டால் அடி விழுவது நிச்சயம். எங்களுக்கு எல்லையைத் தாண்டினால் இந்தியானாவின் ரிச்மண்ட் நகர். அங்கே எர்ல்ஹம் 53 ஆட்டங்கள் தொடர்ந்து தோற்று 2018-இல் நிறுத்தியது. ‘கொஞ்ச காலத்துக்கு’ என்றுதான் சொன்னார்கள். திரும்பி வரவில்லை. இந்தக் ‘கொஞ்ச காலம்’ என்ற சொல் எனக்குப் பயத்தைத் தருகிறது.

பச்சை மையை அழித்தேன். காய்ந்த மை லேசில் போகவில்லை. எழுத்தின் நிழல் இன்னும் தெரிகிறது.

14 ஆகஸ்ட், புதன்

22 அழைப்புகள். ஒன்றும் அமையவில்லை.

22 ஆகஸ்ட், வியாழன்

அமைந்துவிட்டது! இல்லினாயில் ஒரு கல்லூரிக்கும் அதே தேதியில் எதிரணி விலகிவிட்டதாம். அவர்கள் ஊரில்தான் ஆட்டம், ஆறரை மணி நேரப் பயணம். நாங்கள் சொந்த மைதானத்தில் ஆட வேண்டிய ஓர் ஆட்டத்தை இழக்கிறோம். இரண்டு பஸ்ஸும் ஓர் இரவு ஹோட்டலும் செலவு. நிதி அலுவலகத்துக்குப் போய் ஒரு மணி நேரம் பேசினேன். 58 பேருக்கு மேல் அழைத்துப் போகக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்கள். மீதி 26 பேரிடம் பயிற்சியாளர் சொல்ல வேண்டும்.

ஒரு மணிக்கு நடுவர்கள் கிடைக்கவில்லை என்றும் மாலை ஆறுக்கு வைத்துக்கொள்ளலாம் என்றும் அவர்கள் சொன்னார்கள். ஏழு நடுவர்கள் வேண்டும். எங்கள் வட்டாரத்திலும் இதே பஞ்சம்தான். நடுவர் வேலையில் இருப்பவர்களுக்கு வயதாகிறது. சனிக்கிழமை தோறும் வசவு வாங்க இளைஞர்கள் முன்வருவதில்லை.

15 செப்டம்பர், ஞாயிறு

விடிகாலை ஐந்தரைக்கு வந்து சேர்ந்தோம். 27-24, தோல்வி. ஆனால் கடைசி நிமிடம் வரை ஆட்டம் ஆட்டமாக இருந்தது. பஸ்ஸில் ஒருவனும் தூங்கவில்லை. இந்த ஆட்டம் மட்டும் அமையாமல் போயிருந்தால் இந்த இரவு எந்தப் பையனின் நினைவிலும் இருந்திருக்காது.

12 அக்டோபர், சனி

பழைய மாணவர்கள் ஊர் திரும்பும் வாரம். ஆண்டிலேயே கூட்டம் அதிகம் சேரும் நாள். இருக்கைகள் 2,400. ஆட்டம் தொடங்கியபோது சங்கிலிக் கம்பத்தோடு நின்று மேற்குப் பக்கத்தை மட்டும் வரிசை வரிசையாக எண்ணினேன்: 386. பாதி ஆட்டம் முடிந்து இசைக்குழு வாசித்ததும் மாணவர் பகுதி எழுந்து போய்விட்டது. தொலைக்காட்சியில் பகல் பன்னிரண்டு மணியிலிருந்து நள்ளிரவு வரை பெரிய பல்கலைக்கழகங்களின் ஆட்டங்கள் ஓடுகின்றன. இங்கே மைதானத்தில் ஆடுகிறவன் தன் அறைத் தோழன் என்றாலும், இந்தப் பிள்ளைகள் அந்தத் திரையை விட்டு வருவதில்லை. இது எனக்கு மிகவும் வருத்தம்.

இடைவேளையில் பெரியவர் ஒரு பழைய கதையைச் சொன்னார். 1982-இல் தொழில்முறை ஆட்டக்காரர்கள் 57 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குக் காட்ட ஆட்டம் இல்லாமல் சி.பி.எஸ். தொலைக்காட்சி மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளைத் தேடி வந்தது. அதில் ஒன்று எங்கள் மாநிலத்தின் இரண்டு கல்லூரிகள், விட்டன்பர்க்கும் பால்ட்வின்-வாலஸும். “நாடு முழுக்க நம்ம பிள்ளைகளைப் பார்த்தது” என்றார். அவருக்கு அது நேற்று நடந்தது போல. அன்று திரையில் வந்த இன்னொரு கல்லூரியான கலிஃபோர்னியாவின் ஆக்சிடென்டல் 2020-இல் கால்பந்தையே கைவிட்டுவிட்டது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

நான்காம் கட்டத்தில் அளவெடுக்கக் கூப்பிட்டார்கள். இருவரும் கம்பங்களைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் நடுவுக்கு ஓடினோம். அவருக்கு 76 வயது, ஓடத்தான் செய்தார். சங்கிலியை இழுத்து நிறுத்தியபோது பந்தின் மூக்குக்கும் கம்பத்துக்கும் நடுவில் என் இரண்டு விரல் நுழையும் இடம். பத்து கெஜம் ஆகவில்லை. எதிரணிப் பையன்கள் குதித்தார்கள். எங்கள் பையன் ஒருவன் முட்டி போட்டு அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தான். மேலே இருந்த சொற்பக் கூட்டமும் எழுந்து நின்றிருந்தது.

16 நவம்பர், சனி

கடைசி ஆட்டம். ஜெயித்தோம், 31-17. நான்கு வெற்றி, ஆறு தோல்வி. தேசியச் சுற்றில் இந்த ஆண்டு முதல் 32-க்குப் பதில் 40 அணிகள். நாங்கள் அதன் பக்கத்தில்கூட இல்லை. கடைசி ஆண்டு மாணவர்கள் மைதானத்தை விட்டுப் போக மனமில்லாமல் தோள்பட்டைக் கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் புல்லில் படுத்துக்கிடந்தார்கள். விளக்கை அணைக்க வந்தவர் அரை மணி நேரம் காத்திருந்தார்.

பெரியவர் சங்கிலியைத் துடைத்துச் சுருட்டி என்னிடம் கொடுத்தார். நடுவில் ஒரு கண்ணி விரிந்திருப்பதாகவும் குளிர்காலத்துக்குள் சரி செய்ய வேண்டும் என்றும் சொன்னார்.

19 நவம்பர், செவ்வாய்

பலகையை அழித்து 2025-இன் பதினோரு சனிக்கிழமைகளை எழுதினேன். செப்டம்பர் 6 முதல் நவம்பர் 15 வரை. ஆகஸ்டில் விலகிய அந்தக் கல்லூரியிடமிருந்து இதுவரை ஒரு செய்தியும் இல்லை. ஒப்பந்தப்படி அடுத்த ஆண்டு நாங்கள் அவர்கள் ஊருக்குப் போக வேண்டும். அவர்களுக்கென்று செப்டம்பர் 20-ஐ இன்னும் நிரப்பாமல் வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 13-க்கு நேரே இல்லினாய்க் கல்லூரியின் பெயரைப் பென்சிலால் எழுதியிருக்கிறேன். இந்த முறை அவர்கள் இங்கே வர முடியுமா என்று நாளைக் காலையில் கேட்க வேண்டும். அங்கே ஒரு மணி நேரம் பின்னால். பத்து மணிக்கு மேல் கூப்பிட்டால்தான் ஆள் இருப்பார்கள்.