மில் புள்ளியும் எம்ஓஏ குமிழும்: மச்சானின் ஸ்கோப்பை வழிக்குக் கொண்டுவந்த கதை

நான் துவக்குத் தொட்டவன் இல்லை. மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கம் உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறவன். மாமியின் மகன் ஒன்டாரியோவில் இருக்கிறான். அனுமதிப்பத்திரம் எடுத்து, ஒரு சுடும் கழகத்தில் சேர்ந்து, காகித இலக்கில் சுட்டுப் பழகுகிறான். பாவித்த ஸ்கோப் (துவக்கின் மேல் பூட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கி) ஒன்றை மலிவாக வாங்கிவிட்டு, கணக்கு ஒத்துவரவில்லை என்று வாட்ஸ்அப்பில் என்னைப் பிடித்துக்கொண்டான். அங்கே கோடையில் சனிக்கிழமை காலை 9 மணி என்றால் இங்கே மாலை 6.30. டியூஷன் விட்டு வந்து தேத்தண்ணியோடு விறாந்தையில் இருக்கிற நேரம். துவக்கு என்ற சொல் காதில் விழுந்தாலே அம்மாவுக்கு முகம் மாறிவிடும். எங்கள் ஊரில் அந்த வயதுக்காரர் எல்லாருக்கும் அப்படித்தான். அதனால் கதையை முற்றத்துக்குக் கொண்டுபோய்விட்டேன்.

"மச்சான், குண்டு ஒன்றரைப் புள்ளி கீழ விழுந்திருக்கு. இப்ப குமிழ எத்தின கிளிக் கிறுக்கிற?"

கேள்வி இவ்வளவுதான். ஆனால் கண்ணாடிக்குள் தெரியும் குறுக்குக் கோட்டில் இருப்பவை மில் புள்ளிகள்; புள்ளிக்குப் புள்ளி ஒரு மில். குறியை ஏற்றி இறக்க மேலே இருக்கும் குமிழிலோ ஒரு கிளிக்குக்கு, அதாவது ஒருமுறை 'கிளிக்' என்று நகர, கால் எம்ஓஏ (minute of angle) என்று பொறித்திருக்கிறது. பார்க்கிற அளவு ஒன்று, திருப்புகிற அளவு வேறொன்று. இங்கே காணி உறுதியில் ஏக்கர், றூட், பேர்ச் என்று கிடக்க, நில அளவைப் படம் ஹெக்டேயரில் வந்து நிற்குமே, அதே கூத்து. வட அமெரிக்காவில் ஒரு காலத்தில் இப்படிக் கலந்து செய்த ஸ்கோப்கள் நிறையவே விற்பனையானதால், பழையது வாங்குகிறவர்கள் கையில் இது அடிக்கடி அகப்படும்.

அவன் அதுவரை செய்தது, எல்லாவற்றையும் அங்குலத்துக்கு மாற்றுவது. ஒரு மில் 100 யாரில் (yard, கஜம்) 3.6 அங்குலம், ஒன்றரை மில் 5.4 அங்குலம், அதைக் கிளிக்குக்கு எத்தனை அங்குலம் என்பதால் பிரிப்பது. தூரம் 200 யார் ஆனால் முழுக்கணக்கையும் புதிதாகத் தொடங்குவது. முதலில் அங்குலத்தைத் தூக்கி எறியச் சொன்னேன். மில், மெற்றிக் அளவும் இல்லை. எம்ஓஏ, அங்குல அளவும் இல்லை. இரண்டும் கோணம். மில் என்பது ஆரையனில் (radian) ஆயிரத்தில் ஒன்று. எம்ஓஏ என்பது பாகையில் அறுபதில் ஒன்று. கோணத்தைக் கோணமாகவே மாற்றினால் தூரம் கணக்குக்குள் வராது. ஒரு மில் 3.438 எம்ஓஏ. கிளிக் கால் எம்ஓஏ என்பதால் நாலால் பெருக்க, ஒரு மில்லுக்கு 13.75 கிளிக். ஒன்றரை மில்லுக்கு 20.6, அதாவது 21 கிளிக். அது 100 யாரிலும் 21தான், 300 யாரிலும் 21தான்.

அதை அவன் உடனே நம்பவில்லை. மட்டக்களப்பு பாலமீன்மடு வெளிச்ச வீட்டை வைத்து விளங்கப்படுத்தினேன். சின்ன வயதில் இரண்டு பேரும் அதனடியில் ஓடித்திரிந்தவர்கள். 1913இல் கட்டியது, உயரம் 28 மீற்றர். ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் நின்று பார்த்தால் அது 28 மில் உயரமாகத் தெரியும். அரைக் கிலோமீற்றரில் 56 மில். அடிமட்டத்தைக் கண்ணிலிருந்து 60 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்து, வெளிச்ச வீடு 3 சென்ரிமீற்றரை மறைத்தால் அது 50 மில். 28ஐ 0.05ஆல் பிரித்தால் நீ நிற்கிற தூரம் 560 மீற்றர். (ஆரையன் எதற்கு என்று கேட்கிற பிள்ளைகளுக்கு இப்போது இதைத்தான் வகுப்பிலும் சொல்கிறேன். சைன், கோசைன் வரைபடத்தைவிட இது நன்றாக எடுபடுகிறது.)

கணக்கு சரி, ஆனாலும் ஸ்கோப் சொல்வதை அப்படியே நம்பலாமா? எனக்கு அந்தச் சந்தேகம். சுடாமலே பார்த்துவிடலாம் என்றேன். கழகத்தின் பலகையில் 100 யார் என்று இருந்தது. மீற்றர் இல்லை என்பதை விசாரித்து உறுதிப்படுத்தினான். அந்தத் தூரத்தில் ஒரு மில் 9.14 சென்ரிமீற்றர். பெரிய காகிதத்தில் அந்த இடைவெளிக்குக் கோடுகள் போட்டு ஒட்டினான். குண்டு இல்லாத துவக்கை அசையாதபடி இறுக்கிவைத்து, ஸ்கோப்பின் உருப்பெருக்கத்தை 10இல் விட்டுப் பார்த்தபோது புள்ளிக்குப் புள்ளி கோடு சரியாக உட்கார்ந்தது. 5க்கு இறக்கினால் ஒரு புள்ளி இடைவெளிக்குள் இரண்டு கோட்டு இடைவெளி அடங்கிவிட்டது. குறுக்குக் கோடு இரண்டாவது குவியத் தளத்தில் இருக்கிற ஸ்கோப் அது. உருப்பெருக்கினாலும் அந்தக் கோடு பெருக்காது; அதனால் மில் புள்ளி ஒரேயொரு உருப்பெருக்கத்தில்தான் உண்மை பேசும். சில நாள் கணக்கு பொருந்தி, சில நாள் இரண்டு மடங்கு பிழைத்த காரணம் அப்போதுதான் வெளித்தது. உருப்பெருக்க வளையத்தில் 10க்கு நேரே வெள்ளை மையால் ஒரு பொட்டு வைக்கச் சொன்னேன்.

அடுத்தது குமிழ். கால் எம்ஓஏ என்று எழுதியிருந்தாலும், சில ஸ்கோப்களில் ஒரு கிளிக் 100 யாருக்குக் கால் அங்குலமாகவே இருக்கும். உண்மையான எம்ஓஏ 100 யாரில் 1.047 அங்குலம். ஒரு கிளிக்கில் தெரியாது, 40 கிளிக்கில் தெரியும்: எம்ஓஏ என்றால் குறுக்குக் கோடு 26.6 சென்ரிமீற்றர் நகரவேண்டும், அங்குலம் என்றால் 25.4. அவன் எண்ணியெண்ணித் திருப்பி, காகிதத்தில் வாசித்துச் சொன்னது 26.5க்கு மேல். ஆக 13.75 என்ற எண்ணே எங்களுக்கு உரியது. மற்றதாக இருந்திருந்தால் மில்லுக்கு 14.4 கிளிக் வந்திருக்கும். 5 மில்லில் மூன்று கிளிக் வித்தியாசம்.

பிறகு துவக்கின் பிடியில் ஒட்ட ஒரு துண்டு எழுதிக் கொடுத்தேன். அரை மில்லுக்கு 7, ஒன்றுக்கு 14, ஒன்றரைக்கு 21, இரண்டரைக்கு 34, மூன்றுக்கு 41. மூன்றுக்கு 42 வரவேண்டாமா என்று கேட்டான். 14ஐ மூன்றால் பெருக்கக்கூடாது, 13.75ஐப் பெருக்கிக் கடைசியில்தான் முழு எண்ணாக்க வேண்டும்.

அந்தத் துண்டோடு அந்தக் கோடை முழுக்கச் சுட்டான். காகிதத்துக்கு அது போதும். ஆனால் ஒவ்வொரு முறையும் கண்ணை எடுத்து ஒரு துண்டைப் பார்ப்பது எரிச்சல் என்று, பிறகு கோடும் குமிழும் மில்லிலேயே இருக்கிற ஸ்கோப் வாங்கினான். குமிழில் ஒரு கிளிக்குக்கு 0.1 மில் என்று இருக்கிறதா, கோடு முதலாம் குவியத் தளத்திலா (அப்படியென்றால் கோடும் சேர்ந்து பெருக்கும், எந்த உருப்பெருக்கத்திலும் புள்ளி சரி) என்று பெட்டியைத் திறக்க முன்னமே படம் அனுப்பிக் கேட்டான். இப்போது ஒன்றரைப் புள்ளி கீழே என்றால் 15 கிளிக் மேலே, அவ்வளவுதான். எம்ஓஏ கோடு, எம்ஓஏ குமிழ் என்று வாங்கியிருந்தாலும் இதே வசதி கிடைத்திருக்கும். கழகத்தில் பக்கத்தில் நின்று குண்டு பட்ட இடத்தைப் பார்த்துச் சொல்கிறவர்கள் மில்லில் சொல்வதால் அவனுக்கு மில் தோதுப்பட்டது. பழையதை விற்றபோது இரண்டும் வெவ்வேறு அளவு என்பதை விளம்பரத்திலேயே எழுதி, வாங்கின ஆளிடம் என் துண்டையும் சேர்த்துக் கொடுத்தானாம்.