எல் நினோ ஆண்டில் பனி பெய்யுமா?

பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ உருவாகிவிட்டது என்ற அறிவிப்பு வெளியாகும் ஆண்டுகளில், அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனை ஒட்டிய மேரிலாந்தில் எங்கள் தெருக்காரர்கள் இந்தக் குளிர்காலம் இதமாகக் கழிந்துவிடும் என்று பேசிக்கொள்வது வழக்கம். நானும் அப்படி நம்பியவன்தான். 2010 பிப்ரவரி 5, 6 தேதிகளில் பெய்த பனி, வாசலில் நின்ற காரை இருந்த இடம் தெரியாமல் மூடியபோது அந்த நம்பிக்கை கலைந்தது. அந்தப் பருவம் முழுவதிலும் வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்தில் பதிவான பனிப்பொழிவு 56.1 அங்குலம், வழக்கமான அளவைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேல்.

அதே பிப்ரவரியில், கண்டத்தின் மறுகரையில், கனடாவிலுள்ள வான்கூவரில் குளிர்கால ஒலிம்பிக் தொடங்கியது. அங்கே ஜனவரி மாதம் அளவுக்கு மீறி வெப்பமாக இருந்ததால், சைப்ரஸ் மலையின் போட்டிச் சரிவுகளுக்கு லாரிகளிலும் ஹெலிகாப்டர்களிலும் பனியைக் கொண்டுவந்து கொட்ட நேர்ந்தது. நாங்கள் வாரி எறிய இடமில்லாமல் தவித்ததை அவர்கள் சுமந்து வந்து பரப்பினார்கள்.

இரண்டுக்கும் எல் நினோவோடு தொடர்பு உண்டு. பசிபிக்கின் நிலநடுக்கோட்டுப் பகுதியில் கடல்நீர் சூடேறும்போது, அங்குள்ள இடிமழை மண்டலம் கிழக்கே நகர்கிறது. அதன் விளைவாக, உயரத்தில் வீசும் துணைவெப்பமண்டல ஜெட் காற்று வலுப்பெற்று, அமெரிக்காவின் தென்மாநிலங்களுக்கு மேலாக நீள்கிறது. வடக்கே மிதவெப்பம் நிலவுகிறது. தெற்கிலோ புயல்கள் வரிசையாக வருகின்றன. அவற்றுள் சில மெக்சிகோ வளைகுடாவின் ஈரத்தைச் சுமந்துகொண்டு அட்லாண்டிக் கரையோரமாக எங்களை நோக்கி ஏறி வருகின்றன.

ஆனால் எல் நினோ தருவது ஈரத்தை மட்டுமே. அது மழையாக விழுமா பனியாக விழுமா என்பதைத் தீர்மானிக்கும் குளிர் வேறிடத்திலிருந்து வரவேண்டும். 2009-10இல் கிரீன்லாந்தின் மேல் உயர் அழுத்தம் அடிக்கடி நிலைகொண்டு, ஆர்க்டிக் காற்றைத் தெற்கே திருப்பிவிட்டது. அதைவிட வலிமையான எல் நினோ நிலவிய 1997-98இல் அந்தக் குளிர் வந்து சேரவில்லை. புயல்கள் மழையாகவே கொட்டித் தீர்த்தன, ரீகன் விமான நிலையத்தில் பருவம் முழுவதற்கும் 0.1 அங்குலப் பனியே பதிவானது.

2015-16 குளிர்காலம் இரண்டு முகங்களையும் காட்டியது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் வெப்பநிலை 22 டிகிரி செல்சியஸ். ஒரு மாதம் கழித்து அதே பூங்காவில் ஒரே புயலில் 27 அங்குலத்துக்கும் மேல் பனி. (எல் நினோ ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை வலுப்பதுண்டு, சென்னையை வெள்ளம் சூழ்ந்ததும் அந்த டிசம்பரில்தான்.)

கடலின் சூட்டைப் பல மாதங்களுக்கு முன்பே கணித்துவிட முடிகிறது. கிரீன்லாந்தின் உயர் அழுத்தமோ ஓரிரு வாரங்களுக்கு முன்புதான் ஓரளவு நம்பகமாகத் தெரியவரும். ஆகவே எல் நினோ ஆண்டானாலும், பனியை உருக்கத் தூவுவதற்கான உப்பு மூட்டையை நவம்பரிலேயே வாங்கிவிடுகிறேன். எல் நினோ நிலவிய 2024இன் தொடக்கத்தில் அதில் பாதிகூடச் செலவாகவில்லை.