எடைக்குப் போட்ட நோட்டுகள்

மகனுக்குக் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கும் மதிப்பீட்டுக்கு நாள் குறித்தபோது, அவனுடைய கடந்த மூன்று ஆண்டு நோட்டுகளையும் எடுத்துவரும்படி உளவியலாளர் கேட்டார். இரண்டாம் வகுப்பு நோட்டுகளை நான் எடைக்குப் போட்டுவிட்டேன். எஞ்சியவற்றில் பாதி, எழுத்து கோணலாக இருக்கிறது என்பதற்காகப் பள்ளியில் எழுதவைத்த இம்போசிஷன்.

நான்காம் வகுப்பில் படிக்கும் அவனுக்கு ஐந்து வரி எழுத முக்கால் மணி நேரம் ஆகும். கேள்வி கேட்டால் பதில் சரளமாக வரும் என்பதால், எழுதாமல் இருப்பது சோம்பல் என்றே நானும் நம்பினேன். “டாக்டர் எழுதுறது யாருக்குப் புரியுது?” என்பது என் மாமியாரின் வாதம்.

முதலில் கண்ணையும் காதையும் சோதித்துவரச் சொன்னார்கள். அடுத்து, இந்தியக் குழந்தைகளுக்கான ‘மாலின்’ அளவுகோலில் நுண்ணறிவுச் சோதனை. அதன்பின் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தொகுப்பைக் கொண்டு வாசிப்பு, எழுத்துக்கூட்டல், கணக்கு ஆகியவற்றைத் தனித்தனியே பார்த்தார்கள். செயல்முறை சிகிச்சையாளர் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) அவன் உட்காரும் விதத்தையும், பென்சிலை நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்திப் பிடிப்பதையும் கவனித்தார்.

எனக்கு விஷயம் புரிந்தது ஒரு கதையில்தான். குரங்கும் முதலையும் கதையை வாயால் சொல்லச் சொன்னபோது, குரங்கு தன் இதயத்தை மரத்தில் வைத்துவிட்டு வந்ததாக ஏன் பொய் சொன்னது என்பது வரை அவன் விளக்கினான். அதையே எழுதச் சொன்னபோது மூன்று வரி. அதிலும் முதலை மீனாகியிருந்தது. ‘லை’ எழுத, காதில் பின்னால் கேட்கும் ஒலிக்கான கொம்பை முன்னால் போட வேண்டும். அவனோ எப்போதும் ‘ல’வை எழுதிவிட்டுக் கொம்பை இடுக்கில் நுழைப்பவன். எழுதத் தெரிந்த சொல்லுக்காகக் கதையையே மாற்றியிருக்கிறான். அவனுக்கு இருக்கும் ர, ற குழப்பம் பெரியவர்களுக்கும் உண்டு என்பதால், அதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை என்றார் உளவியலாளர்.

அறிக்கையில் டிஸ்கிராபியா, அதாவது எழுதுவதில் வரும் கற்றல் குறைபாடு, என்று இருந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. சி.பி.எஸ்.இ. பொதுத் தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதலாகத் தருகிறார்கள். ஆனால் அதற்கு அங்கீகரிக்கப்பட்ட சான்றிதழ் வேண்டும். ‘குறைபாடு’ என்ற சொல்லைக் கேட்டதும் என் கணவர் தயங்கினார். ஒரு வாரம் பேசியபின், சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது என்று முடிவாகியிருக்கிறது.

இப்போது பதில்களை அவன் சொல்ல நான் எழுதுகிறேன். அதிலிருந்து இரண்டு வரிகளை மட்டும் அவன் எழுதுகிறான். விரல்களுக்குப் பலம் வர களிமண் பிசையச் சொன்னார்கள், அது அவனுக்குப் பிடிக்கவில்லை. மொட்டைமாடிக் கொடியில் துணிகளுக்குக் கிளிப் போடும் வேலையை அவனிடம் கொடுத்திருக்கிறேன். ஒரு கைக்குட்டைக்கு நான்கு கிளிப் போடுகிறான்.