வால்ஷ் கேட்ட புரோநோட்டு

வயோமிங் மாநில எண்ணெய் வயல் ஒன்றின் பெயரால் வழங்கும் டீபாட் டோம் ஊழலை வெளியே இழுத்துப் போட்டவர் மொன்டானா செனட்டர் தாமஸ் வால்ஷ். செனட் குழுவின் விசாரணை வேலையை ஏற்றபோது லஞ்சத்துக்கான தடயம் எதுவும் அவர் கையில் இல்லை. கடற்படைக்கென ஒதுக்கிய எண்ணெய் நிலங்களை உள்துறை மந்திரி ஆல்பர்ட் ஃபால் 1922இல் டெண்டரே விடாமல் எண்ணெய் முதலாளிகள் சின்கிளேருக்கும் டொஹெனிக்கும் குத்தகைக்கு விட்டிருந்தார். அமெரிக்காவில் உள்துறைக்கும் போலீசுக்கும் சம்பந்தமில்லை. அரசு நிலமும் கனிமமும்தான் அதன் பொறுப்பு. ஃபால் செனட்டுக்கு அனுப்பிய கோப்புகளோ மலைபோல் குவிந்தன. அவ்வளவையும் அனுப்பினால் யார் படிக்கப் போகிறார்கள்?

வால்ஷ் படித்தார். ஹெலினா நகரில் வக்கீலாக இருந்தபோது தண்ணீர் உரிமை, சுரங்க வழக்குகளில் பழகிய கை. 1923 அக்டோபரில் விசாரணை தொடங்கியதும் முதல் அடி அவருக்கே விழுந்தது. பக்கத்து நிலத்து எண்ணெய்க் கிணறுகள் கடற்படையின் எண்ணெயை உறிஞ்சிவிடும், அதனால்தான் குத்தகை என்று ஃபால் சொன்னதையே நிபுணர்களும் சொன்னார்கள். நிருபர்கள் கலைந்தார்கள்.

குத்தகை நியாயமா என்ற வாதத்தை அப்படியே விட்டுவிட்டு, ஃபாலின் வீட்டு வரவுசெலவு பக்கம் திரும்பினார் வால்ஷ். நியூ மெக்சிகோ பண்ணைக்குப் பல வருட வரி பாக்கி. அது குத்தகை கையெழுத்தான 1922இல் தீர்ந்திருக்கிறது. பக்கத்துப் பண்ணையையும் வாங்கியிருக்கிறார். பணம் ஏது?

பத்திரிகை முதலாளி மெக்லேன் ஒரு லட்சம் டாலர் கடன் தந்ததாக ஃபால் எழுதிக் கொடுத்தார். மெக்லேனோ உடம்பு சரியில்லை, வாஷிங்டன் வர முடியாது என்றார். பல விசாரணைகள் படுத்துவிடுவது இந்த இடத்தில்தான். ஒரு கடிதத்தை வாங்கிக் கோப்பில் செருகிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். வால்ஷ் 1924 ஜனவரியில் ஃபுளோரிடாவின் பாம் பீச்சுக்கே போய், சத்தியப் பிரமாணம் வாங்கிக் கேட்டார். செக் கொடுத்தது நிஜம், ஆனால் அவை மாற்றப்படாமலே திரும்பி வந்துவிட்டன என்று மெக்லேன் ஒப்புக்கொண்டார்.

அதே மாதம் டொஹெனி தாமாகவே வந்து வாய் திறந்தார். லட்சம் டாலர் ரொக்கத்தைச் சின்னக் கறுப்புப் பையில் மகன் கொண்டுபோய் ஃபாலிடம் கொடுத்தானாம். பழைய சிநேகிதருக்குக் கடன்; ஈடு கிடையாது. அப்படியானால் புரோநோட்டு? பிறகு அதையும் கொண்டுவந்தார். கையெழுத்துப் போட்ட இடம் மட்டும் கிழிந்திருந்தது. தமக்கு ஏதாவது ஆகிவிட்டால் சொத்தை நிர்வகிப்பவர்கள் ஃபாலை நெருக்கக் கூடாதென்று, அந்தத் துண்டைக் கிழித்து மனைவியிடம் கொடுத்து வைத்தாராம். கடனைத் திரும்பக் கேட்க உதவாத பத்திரம் எதற்கு?

சின்கிளேர் தரப்புப் பணம் லிபர்ட்டி பாண்டுகளாக, அதாவது அரசுக் கடன் பத்திரங்களாக வந்தது. பாண்டில் வரிசை எண் உண்டு. எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போனது என்று பின்தொடர முடிந்தது. ரொக்கத்தில் அந்த வசதி இல்லை. டொஹெனி வாய் திறந்திராவிட்டால் கறுப்புப் பை வெளியே வந்திருக்குமா என்பது சந்தேகமே.

1927இல் உச்ச நீதிமன்றம் இரு குத்தகைகளையும் ரத்து செய்தது. டொஹெனியிடம் லஞ்சம் வாங்கியதற்காக 1929இல் ஃபாலுக்கு ஓராண்டுச் சிறையும் லட்சம் டாலர் அபராதமும். அதே பணத்தைக் கொடுத்ததற்காக 1930இல் கூண்டேறிய டொஹெனியை ஜூரி விடுவித்தது.